சூடு தானாக வரும்வரை

என் கடைசி வேலை நாளன்று சாப்பாட்டு அறையில் ஒரு சின்னக் கூட்டம் போட்டார்கள். சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, "புதுசா சேர்ந்த பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கண்ணா" என்றார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எண்ணிப் பார்த்தால் அது மூன்று வார்த்தைதான். மீதி ஒரு வார்த்தையை இப்போது எழுதுகிறேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குப் பரவாயில்லை. யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மரக்காணத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு உப்பளம். முப்பது வயதுக்கு மேல்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வார்டு வேலைக்கு வந்தேன். இப்போது இடுப்பு ஒத்துழைக்கவில்லை என்று வயதுக்கு முன்பே நின்றுவிட்டேன். கட்டிலைத் தள்ளுவது, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுவது, படுக்கை விரிப்பது எல்லாம் சிஸ்டர்கள் உங்களுக்குக் காட்டிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வந்தது ஒரு காலைப் பற்றி. ஒரு சின்னப் பெண்ணின் இடது கால்.

அதற்கு முன்னால், கால் பார்க்க எனக்கு யார் கற்றுக்கொடுத்தார் என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்போது கிளியனூர்ப் பக்கத்துச் சிஸ்டர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். நான் அங்கே போன புதிதில், காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தையின் காலைத் தொட்டேன். நெற்றி கொதித்தது, பாதம் சில்லென்று இருந்தது. பாவமாகப் போய்விட்டது. இரண்டு கையாலும் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தேன்.

"என்னண்ணா பண்றீங்க?"

"கால் சில்லுன்னு இருக்குது சிஸ்டர். சூடு பண்றேன்."

"நீங்க சூடு பண்ணிட்டா, உள்ள ரத்தம் ஒழுங்கா ஓடுதா இல்லையான்னு நான் எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறது? கரண்டு மீட்டரைக் கையால திருப்பி வைக்கிற மாதிரி இருக்குது நீங்க பண்றது."

அப்புறம் அவரே என் கையைப் பிடித்துப் புறங்கையைக் குழந்தையின் முட்டியில் வைத்தார். அங்கிருந்து மெல்லக் கீழே இறக்கினார். எந்த இடத்தில் குளிர் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உடம்பு ஆபத்தில் இருக்கும்போது ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் எடுத்து வைத்துக்கொண்டு, கைகால்களைக் கைவிட்டுவிடுமாம். குளிர் மேலே ஏறினால் குழந்தை கீழே போகிறது. குளிர் கீழே இறங்கினால் குழந்தை திரும்பி வருகிறது. "கை வைங்க, பாருங்க, எடுத்துடுங்க. தேய்க்கக் கூடாது" என்றார். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நீங்களும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். கஷ்டம் தேய்க்காமல் இருப்பதில்தான்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுக் கோடை. உப்பு வாரும் காலம். வெயில் நின்று காய்ந்த ஒரு மத்தியானம், மரக்காணத்து உப்பளக் கூலிக்குப் போகிற அஞ்சலாட்சி என்ற பெண், ஆறு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். அவள் முந்தானையில் ஒரு கொத்து வேப்பிலை சொருகியிருந்தது. குழந்தையின் பெயர் சௌமியா. உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம், பாதி காய்ந்து பொருக்கு கட்டியிருந்தது. வலது தொடையில் மட்டும் ஒரு கொப்புளம் சீழ் வைத்து, தொடையே சிவந்து வீங்கியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும்தான்.

அம்மை மற்ற குழந்தைகளுக்குப் பரவாமல் இருக்க, நடையை ஒட்டிய தனியறையில் போட்டார்கள். அந்த அறைக்குள் ஏற்கெனவே அம்மை வந்து போனவர்கள்தான் போகலாம். சிஸ்டர் வெளியே வந்து, "யாருக்கெல்லாம் அம்மை போட்டிருக்குது?" என்று கேட்டார். எனக்குப் போட்டிருக்கிறது. கன்னத்தில் நாலைந்து குழி. சின்ன வயதிலிருந்து அந்தப் பக்கக் கன்னத்தை யாருக்கும் காட்டாமல் திரும்பி நிற்பதே என் பழக்கம். அன்றும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன்.

"அண்ணா, உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்குது. வாங்க உள்ள" என்றார் சிஸ்டர். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தத் தழும்பு ஒரு வேலைக்கு ஆனது.

உள்ளே சின்ன டாக்டர் வேலையில் இருந்தார். துடிப்பான பையன், படிப்பு முடித்து அதிக நாள் ஆகவில்லை. ஊசி குத்தி, சலைன் ஏற்றி, கிருமிக்கு மருந்து போட்டு, எல்லாம் மளமளவென்று நடந்தது. கை ஒரு பக்கம் வேலை செய்ய, வாசலில் நின்ற தாயிடம் கேட்டார்.

"ஏதாவது மருந்து சாப்பிடுதாம்மா குழந்தை?"

"இல்லீங்க. ஒன்னும் சாப்பிடல."

"முன்னாடி ஏதாவது வியாதி?"

"இல்லீங்க. நல்லா ஓடியாடிட்டுதான் இருந்துது."

சிஸ்டர் என்னைக் கால்மாட்டில் நிறுத்தினார். "இடது கால் உங்க பொறுப்பு. குளிரு எங்க இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க." புறங்கையை வைத்தேன். முட்டிக்கு இரண்டு விரல் கீழேயே குளிர் தொடங்கியது. பாதம், தண்ணீர்ப் பானையைத் தொட்ட மாதிரி இருந்தது.

கிருமி ரத்தத்தில் கலந்து, ரத்த ஓட்டம் மொத்தமும் தளர்ந்து போகிற அந்த நிலையை டாக்டர்கள் செப்டிக் ஷாக் என்பார்கள். நீங்களும் சீக்கிரம் அந்தப் பெயரைக் கேட்பீர்கள். கேட்டதும் எல்லோருடைய நடையும் வேகமாகும். சலைன் போதாமல், ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற மருந்தையும் ஆரம்பித்தார்கள். அதையும் கூட்டினார்கள். இன்னொன்றையும் சேர்த்தார்கள். அழுத்தம் ஏறவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. அதைச் சரி செய்தால் மறுபடியும் இறங்கியது. "எங்கண்ணா இருக்குது?" என்று சிஸ்டர் கேட்க, "முட்டிக்கு வந்துடுச்சு சிஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க" என்றார். மறுபடியும் சொன்னேன்.

அப்போதுதான் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் "மேடம்"தான். ஐம்பதைத் தாண்டியவர். வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. இயந்திரங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். பார்த்தார் என்று சும்மா எழுதிவிட்டேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சந்தையில் ஒருவர் துணியை விரலில் எடுத்துப் பார்ப்பார் இல்லையா, அப்படிப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். தலையைத் திருப்பிப் பிடரியைத் தடவினார். நெற்றி ஓரத்தில் இறங்கியிருந்த பூனைமுடியை விரலால் நீவினார். கடைசியில் கையைத் தூக்கிப் பார்த்தார். குச்சி மாதிரிக் கை.

"இந்தக் கன்னம் இந்தக் கைக்குச் சேரலையே" என்றார்.

நாங்கள் எல்லோரும் அந்தக் கன்னத்தைப் பார்த்தோம்தான். உப்பிக் கிடந்தது. எனக்கு, வீட்டில் நல்லா சோறு போட்டு வளர்த்த பிள்ளை என்றுதான் தோன்றியது.

"இது ஸ்டீராய்டு சாப்பிட்ட முகம்" என்றார் மேடம்.

"கேட்டேன் மேடம். எந்த மருந்தும் சாப்பிடலைன்னு சொன்னாங்க" என்றார் சின்ன டாக்டர்.

"ஹைட்ரோகார்ட்டிசோன் லோடு பண்ணுங்க சிஸ்டர்."

சின்ன டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. "மேடம், அம்மை போட்ட உடம்பு. உள்ள கிருமி வேற. இப்ப ஸ்டீராய்டு குடுத்தா எதிர்ப்பு சக்தி இன்னும் போயிடுமே."

அவர் சொன்னது தவறில்லை. மேடமும் தவறு என்று சொல்லவில்லை. "ஆமா. போகலாம்" என்றார். அதற்கு முந்தைய மாதம்தான் இதே ஷாக்கில் வந்த இன்னொரு குழந்தைக்கு, இதே ஊசியைப் போடலாமா என்று சின்ன டாக்டர் கேட்டபோது, வேண்டாம் என்று மேடம் தடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை சலைனிலும் மற்ற மருந்துகளிலும் மேலே வந்துகொண்டிருந்தது. அதனால் இது எல்லோருக்கும் போடுகிற ஊசி இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அன்று வேண்டாம் என்றவரே இன்று எடுக்கச் சொல்கிறார்.

சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போனார்.

தம்பிகளே, தங்கைகளே, நான் அதுவரைக்கும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. குழந்தை போய்க்கொண்டிருக்கிறது, பெரிய டாக்டர் கட்டிலை விட்டு நகர்கிறார். கதவு திறந்தே இருந்ததால் கால்மாட்டில் நின்ற எனக்கு நடை முழுவதும் தெரிந்தது. அஞ்சலாட்சி சுவரோரம் குந்தியிருந்தாள். மேடம் போய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா எப்ப வந்தாங்க வீட்டுக்கு?" என்று கேட்டார்.

அஞ்சலாட்சி தலையை நிமிர்த்தினாள். வந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளிடம் சிக்கன்பாக்ஸ், சிக்கன்பாக்ஸ் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அம்மை போட்டால் ஊரில் சொல்கிறபடி, அம்மா வந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை.

"போன வெள்ளிக்கு முந்துன வெள்ளிங்க."

"வேப்பிலை கட்டுனீங்களா?"

"கட்டாம எப்படிங்க. வாசல்ல கட்டுனேன், தலமாட்டுல வெச்சேன்."

"தாளிக்கிறதை நிறுத்திட்டீங்க?"

"அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"மீனு?"

"மீனுக்காரம்மாவையே தெருவுக்கு அந்தாண்ட போன்னுட்டேன். அது கூட, ஏம்மா, வாசனைக்குக் கூடவா அம்மா கோச்சுக்குவான்னு சண்டைக்கு வந்துச்சு."

மேடம் சிரித்தார். அந்த நேரத்தில் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் புறங்கைக்குக் கீழே குளிர் முட்டி முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா வந்ததுக்கப்புறம் வேற எதெல்லாம் நிறுத்துனீங்க? ஒன்னு விடாம சொல்லுங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன்."

அஞ்சலாட்சி விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். "தல வாரல. சோப்பு போடல. வூட்டுக்கு ஒருத்தரையும் சேர்க்கல. நானும் உப்பளத்துக்குப் போவல. அவரு குடிக்கறத நிறுத்துன்னேன், ரெண்டு நாளு நிறுத்துனாரு. அப்புறம், அந்த வெள்ள மாத்திரையும் நிறுத்திட்டேன்."

"எந்த வெள்ளை மாத்திரைம்மா?"

"மூஞ்சி கால்லாம் வீங்குதுன்னு பாண்டியில காட்டுனோமே, அங்க குடுத்தாங்க. பொங்கலுக்கு முன்னாடியிலருந்து தெனம் குடுத்துட்டு இருந்தேன். வீக்கமும் வடிஞ்சு நல்லாதான் இருந்துச்சு. ஆனா அம்மா வந்து எறங்கி இருக்கசொல்ல இங்கிலீசு மருந்து குடுக்கலாமாங்க?"

அவள் பொய் சொல்லவில்லை. இப்போது மருந்து சாப்பிடுகிறதா என்று கேட்டார்கள். இப்போது சாப்பிடவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது, அதனால் அவள் கணக்கில் வியாதியும் இல்லை. கேட்டதற்குக் கேட்டபடி பதில் சொல்லியிருந்தாள்.

மேடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையைத் திருப்பி, "போடுங்க சிஸ்டர்" என்றார். பிறகு அஞ்சலாட்சியிடம், "நல்லவேளை சொன்னீங்க. உங்களாலதான் எனக்குத் தெரிஞ்சுது" என்று சொல்லி அவள் தோளைத் தொட்டுவிட்டு எழுந்து வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்தார்.

ஊசி போட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஏறிக்கொண்டிருந்த மருந்துகள் ஏறிக்கொண்டிருந்தன. காத்திருக்க வேண்டியதுதான். நம் வேலையில் இதுதான் மிகவும் பயங்கரமான நேரம். கை சும்மா இருக்கும், மனசு சும்மா இருக்காது. அப்போது மேடம் சின்ன டாக்டருக்குச் சொல்கிற சாக்கில் எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார். நம் உடம்பு தினமும் தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே கொஞ்சம் சுரந்துகொள்கிறது. காய்ச்சல், அடி, கிருமி என்று ஆபத்து வந்தால் நிறைய சுரந்து தாக்குப் பிடிக்கிறது. மாதக்கணக்கில் அதையே மாத்திரையாக வெளியிலிருந்து கொடுத்தால், உடம்பு தன் பங்கைச் சுரக்காமல் தூங்கிவிடுகிறது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் மெல்ல விழித்துக்கொள்ளும். ஒரே நாளில் நிறுத்தினால், தூங்குவது தூங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் கிருமியும் வந்தால் தாங்க உள்ளே எதுவும் இல்லை. எவ்வளவு சலைன் ஏற்றினாலும், எத்தனை மருந்தைக் கூட்டினாலும் உடம்பு கேட்காது.

நான் அந்தச் சின்ன உடம்பைப் பார்த்தேன். இத்தனூண்டு வயிற்றுக்குள் இத்தனை ஏற்பாடு. சுரப்பது, நிறுத்துவது, தூங்குவது, விழிப்பது. எனக்கும் உள்ளே அதே ஏற்பாடு யாரும் சொல்லாமலே நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

சின்ன டாக்டர் மெதுவாகக் கேட்டார். "அந்தம்மா சொல்லலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க மேடம்?"

"போட்டிருப்பேன்" என்றார் மேடம். சலைன் சொட்டுவதைப் பார்த்தபடியே, "ஆனா கை நடுங்கியிருக்கும்" என்றார்.

நான் புறங்கையை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். முட்டி. முட்டி. முட்டி. சிஸ்டர் கேட்பதை நிறுத்திவிட்டார், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். எனக்குத் தேய்க்க வேண்டும் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் இரண்டு கையும் அந்தக் காலைத் தேய்க்கத் துடித்தன. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

வெளியே வெயில் சாய்ந்து, ஜன்னல் வெளிச்சம் கட்டிலின் மேல் வந்து விழுந்தபோது, முட்டிக்குக் கீழே ஒரு இடம் குளிராமல் இருந்தது. ஜன்னல் வெயிலோ என்று என் நிழல் விழும்படி நகர்ந்து நின்று மறுபடியும் வைத்தேன். குளிரவில்லை. சொல்வதற்குப் பயம். சொன்னால் போய்விடுமோ என்று பயம். இன்னும் கொஞ்சம் பொறுத்து வைத்தேன். சூடு கெண்டைக்கால் பாதி வரைக்கும் வந்திருந்தது.

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். வாய்க்காலில் மடையைத் திறந்தால் தண்ணீர் ஒரேயடியாகப் பாயாது. முதல் பாத்தி நனையும். அது நிறையும். அப்புறம்தான் அடுத்த பாத்தியின் ஓரம் கறுக்கும். நாம் பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது தெரியாது, திரும்பிவிட்டுப் பார்த்தால் வந்திருக்கும். அப்படித்தான் வந்தது. கெண்டைக்கால். கணுக்கால். யாரோ உள்ளே இருந்து ஒவ்வொரு மடையாகத் திறந்துவிட்டுக்கொண்டு வருகிற மாதிரி.

"சிஸ்டர், கணுக்காலுக்கு வந்துடுச்சு" என்றேன்.

இந்த முறை யாரும் சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டிருந்தது. சின்ன டாக்டர் அழுத்தம் பார்க்கிற இயந்திரத்தைப் பார்த்தார், பிறகு மேடத்தைப் பார்த்தார். இரண்டு எண்ணும் ஏறியிருந்தன. மேடம் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

அன்றோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. தொடைச் சீழைக் கீறி எடுத்தார்கள். நடுவில் ஒருநாள் மறுபடியும் பயமுறுத்தினாள். சில வாரம் கழித்துத்தான் அந்த நடையில் அவளே நடந்து வெளியே போனாள். போகும்போது மேடம் தாயிடம் சொன்னது ஒன்றுதான். "அம்மா வந்தா தாளிக்கிறதை நிறுத்துங்க, மீனை நிறுத்துங்க, எதை வேணா நிறுத்துங்க. இந்த வெள்ளை மாத்திரைய மட்டும் நாங்க சொல்லாம நிறுத்தாதீங்க. அம்மா வந்தா அன்னிக்கே இங்க தூக்கிட்டு வந்துடுங்க." அஞ்சலாட்சி சரிங்க, சரிங்க என்று தலையாட்டினாள். நிறுத்துங்க என்று மேடம் சொன்னவற்றுக்கும் சேர்த்துத்தான் ஆட்டினாள்.

அவள் அந்த மாத்திரையை நிறுத்தியதும் பிள்ளையைக் காப்பாற்றத்தான். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததும் அதற்குத்தான். மேடம் அதைப் பார்த்தார். பார்த்ததால்தான் அப்படிக் கேட்க முடிந்தது. வார்டு வாசலில் யாராவது வேப்பிலையோடும், தாயத்தோடும், திருநீற்றோடும், ஜெபித்த எண்ணெயோடும் வந்து நின்றால், அதைக் கழற்று, இதைத் தூக்கிப்போடு என்று நீங்கள் ஆரம்பித்துவிடாதீர்கள். அவர்கள் வாய் மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு டாக்டருக்கு வேண்டிய பதில் அந்த வாய்க்குள் இருக்கலாம்.

அன்றைய சாயங்காலத்தை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அஞ்சலாட்சியைக் கை கழுவ வைத்து, மேலே அங்கி மாட்டி, உள்ளே அழைத்து வந்தார் சிஸ்டர். குழந்தையின் உடம்பெல்லாம் குழாயும் ஒயருமாக இருந்தது. எங்கே தொடுவது என்று தெரியாமல் அவள் நின்றாள். எனக்குப் பெண்களிடம் பேச வராது. நான் கால்மாட்டிலிருந்து நகர்ந்து, என் இடத்தை அவளுக்கு விட்டேன்.

உப்பு தின்று வெடித்த கை. அதை மகளின் பாதத்தில் வைத்தாள். விரல் நுனிகளில் மட்டும் இன்னும் குளிர் மிச்சம் இருந்தது. பதறிப்போய் இரண்டு கையாலும் பிடித்துத் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காதீங்கம்மா" என்றேன். "அதுவா வருது."

அவள் கை அப்படியே நின்றது. இருவரும் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.